செய்தி காணும் கண்: மாணவர் பத்திரிகைத்துறைப் போட்டிகளும் ஆலங்குடாவும்

1

எழுத்துப் போட்டி ஒன்றினை நடத்துவோர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு திறனாய்வுக் கொள்கையைச் செயற்படுத்துகின்றனர். எத்தலைப்புக் கொடுக்கப்படுகின்றது, எவ்வளவு நேரம் அளிக்கப்படுகின்றது, புள்ளிகள் எவற்றுக்கு வழங்கப்படுகின்றன, எவற்றுக்குக் குறைக்கப்படுகின்றன என்பனவெல்லாம் 'நல்ல எழுத்து யாது?' என்னும் வினாவுக்குரிய விடைகளேயாம். நூல் மதிப்புரை எழுதும் விமர்சகனின் கருத்தைச் சில நூறு பேர் படிக்கக்கூடும். பாடசாலைப் போட்டியொன்றின் புள்ளித்திட்டமோ பெருந்தொகையான பிள்ளைகளின் எழுத்தை, அவர்கள் எழுதத் தொடங்கும் பருவத்திலேயே, ஒரு வழியில் திருப்பிவிடுகின்றது. ஆயினும், நாவலையும் சிறுகதையையும் கவிதையையும் ஆராய்ந்த அளவுக்குத் தமிழ்த் திறனாய்வாளர் இப்போட்டிகளை ஆராய்ந்தாரல்லர். பரிசளிப்பு விழாவோடு அவை மறக்கப்பட்டுவிடுகின்றன.

பாடசாலை மாணவர்க்கான பத்திரிகைத்துறைப் போட்டிகள் பல நாடுகளில் வட்டார மட்டத்தில் நடைபெறுகின்றன. இலங்கையிலும் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்பது ஒரு பாடமாகப் பாடசாலைகளுக்குள் வந்துவிட்டது. இந்நிலையில், அத்தகைய போட்டிகள் தமிழ்வழிப் பாடசாலைகளில் எவ்வாறு அமைதல் வேண்டும், அவை எதனை மதிப்பிடல் வேண்டும் என்னும் வினா முக்கியமாகின்றது. இவ்வினாவைப் பொதுப்பட ஆராய்வதிலும் ஓர் ஊரில் ஊன்றி நின்று ஆராய்வதே பயன்தரும். அவ்வகையில் புத்தளம் மாவட்டத்துக் கரையோரச் சிற்றூரான ஆலங்குடா ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

2

மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. அதன் மேற்குக் கரையில், நுரைச்சோலைக்கு அணித்தாக அமைந்தது ஆலங்குடா. மணற்பாங்கான இந்நிலத்தின் அடியில் நன்னீர் தங்கியுள்ளது. அந்நீரை இறைத்தே இங்கு வெங்காயமும் மிளகாயும் பிற மரக்கறிகளும் பயிராகின்றன. கடற்றொழிலும் தோட்டமுமே நெடுங்காலமாக இப்பகுதி மக்களின் வாழ்வாதாரங்கள்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலுமிருந்து முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் எனக் கணிக்கப்படும் அம்மக்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். ஆலங்குடாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஓலைக் கொட்டில்களால் ஆன முகாம்கள் எழுந்தன. தாமே வறியவராயிருந்த உள்ளூர் மக்கள் வந்தாரை ஏற்றனர். பின்னர் காணி, கிணறு, தொழில், பாடசாலை இடம் ஆகியவற்றைப் பகிர்வதில் மனத்தாங்கல்களும் தோன்றின. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவியியற் பேராசிரியராக விளங்கிய எஸ். எச். ஹஸ்புல்லா இம்மக்களின் நிலையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதினார். வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்தது.

அதே 2011ஆம் ஆண்டில் நுரைச்சோலையில் நிலக்கரி அனல் மின் நிலையத்தின் முதலாவது அலகு இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகுகளும் நிறைவுற்றபோது அதன் மொத்தக் கொள்ளளவு 900 மெகாவாற்று ஆயிற்று. நிலக்கரி ஏற்றி வரும் பெருங்கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, சிறு சரக்குப் படகுகள் அதனைக் கரைசேர்க்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் இவ்விறக்கம் இயலாது. ஆகவே அம்மாதங்களுக்குரிய நிலக்கரி முன்கூட்டியே முற்றத்திற் குவித்து வைக்கப்படுகின்றது. காற்று வலுக்கும்போது நிலக்கரித் தூளும் சாம்பலும் தோட்டங்களிலும் வீடுகளிலும் படிவதாக அயலில் வாழ்வோர் பலமுறை முறையிட்டுள்ளனர். அதே கரையில் சுற்றுலா விடுதிகளும் எழுந்துள்ளன. நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலத்தில் ஓங்கில்களைக் காணப் பிறநாட்டார் இக்கடலுக்கு வருகின்றனர்.

ஆக, இடப்பெயர்வு, மின்சாரம், நிலத்தடி நீர், மீன்பிடி, சுற்றுலா என நாடு முழுவதையும் தொடுகின்ற விடயங்கள் பலவும் ஒரு பிள்ளை நடந்து செல்லக்கூடிய தூரத்துள் அடங்கியிருக்கும் ஊர் இது. ஆனால் நாளிதழ்களில் இக்கரை எப்போது இடம்பெறுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். மின் நிலையத்தின் இயந்திரம் பழுதுற்றுக் கொழும்பில் மின்வெட்டு ஏற்படும்போது நுரைச்சோலை தலைப்பாகின்றது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி, சனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பதற்காகப் புத்தளத்திலிருந்து மன்னார் நோக்கிச் சென்ற பேருந்துகள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டபோது, இடம்பெயர்ந்த மக்கள் தலைப்பாயினர். ஓரிடத்தில் வாழ்ந்துகொண்டு இன்னோரிடத்தில் வாக்காளராய் இருத்தல் என்னும் அவர்களின் அன்றாட நிலைமை, சூடு விழுந்த பின்னரே பலருக்குச் செய்தியாயிற்று.

இதற்குப் பிரதேச நிருபர்களைக் குறைகூறுதல் பொருந்தாது. அவர்களுட் பலர் வேறு தொழில் பார்த்துக்கொண்டே எழுதுபவர். பிரசுரமாகும் செய்திக்கு மட்டும் சிறு ஊதியம் பெறுபவர். தலைநகரில் உள்ளோர் எதனைச் செய்தி எனக் கருதுவரோ அதனையே அனுப்ப வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்குண்டு. எனவே ஊரைப் பற்றி எழுதும் ஆற்றல் ஊரிலேயே, அதுவும் இளமையிலேயே, உருவாக வேண்டியதாகின்றது. மாணவர் போட்டிகளின் முக்கியத்துவம் இங்கேதான் தொடங்குகின்றது.

3

தமிழ்வழிப் பாடசாலைகளில் எழுத்துக்கான பெரும்போட்டி அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டியே. பாடசாலை மட்டத்திலிருந்து வலயம், மாகாணம் எனப் படிப்படியாக வென்று தேசிய மட்டத்தை அடையும் அமைப்பு அதற்குண்டு. கட்டுரை, சிறுகதை, கவிதை ஆகியவற்றோடு பேச்சு, பாவோதல், விவாதம், நாட்டிய நாடகம் முதலியனவும் இடம்பெறுகின்றன. மலையகத்துத் தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் கிழக்குக் கரைப் பிள்ளையும் புத்தளத்துப் பிள்ளையும் ஒரே மேடையிற் சந்திக்கும் வாய்ப்பினை ஏற்படுத்தியது இப்போட்டியின் பெருஞ்சாதனையாகும். பிழையற எழுதவும் அச்சமின்றிப் பேசவும் அது பல தலைமுறைகளைப் பயிற்றியுள்ளது. இதனை மறுப்பது நன்றியின்மையாகும்.

ஆயினும் இத்தகைய போட்டிகளை ஒட்டி வளர்ந்த கட்டுரை மரபு ஒன்றுண்டு. அது ஆராயப்பட வேண்டியது. தலைப்பு மண்டபத்திலே கொடுக்கப்படும். பிள்ளை வெளியே சென்று எதனையும் பார்த்து வருவதற்கில்லை, எவரையும் வினாவுவதற்குமில்லை. மனத்திலே முன்னர் சேர்த்து வைத்த சொற்றொடர்களே அதற்குக் கைகொடுக்கும். அதனால் ஆசிரியர்களும் தொடர்களைச் சேர்த்துக் கொடுக்கின்றனர். 'எனது கிராமம்' என்னும் பழகிய தலைப்புக்கு எழுதப்படும் வாக்கியம் ஒன்றை இவ்வாறு அமைத்துக் காணலாம்:

“இயற்கை அன்னை எழில்நடம் புரியும் எங்கள் கிராமத்தில், தென்றல் தாலாட்ட அலைகள் இன்னிசை மீட்ட, மக்கள் ஒருதாய் மக்களாய் இன்புற்று வாழ்கின்றனர்.”

இவ்வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஓசை நயமும் உண்டு. ஆனால் இது எந்த ஊர்? ஆலங்குடாவாகலாம், மட்டக்களப்புக் கரையாகலாம், கடல் உள்ள எவ்வூரும் ஆகலாம். இதனை எழுதிய பிள்ளை ஊரைப் பார்க்கவில்லை. முன்னொரு கட்டுரையைப் பார்த்திருக்கின்றது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஆலங்குடாவிற் பிறந்து, பெற்றார் மன்னாரையோ யாழ்ப்பாணத்தையோ 'நம்மூர்' என்று சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'எனது கிராமம்' என்பது எது? அத்தலைப்பே அப்பிள்ளைக்கு ஒரு வினாவாக இருத்தல் வேண்டும். அவ்வினாவிலிருந்தே ஒரு சிறந்த கட்டுரை பிறந்திருக்கும். ஆனால் தென்றலும் தாலாட்டும் முந்திக்கொண்டு வந்து அவ்வினாவை மூடிவிடுகின்றன. அலங்காரம் இங்கே அழகுபடுத்தவில்லை, மறைக்கின்றது.

இதற்கு மாறாக வேறொரு வகை எழுத்தையும் அமைத்துக் காணலாம்:

“வீட்டுக் கிணற்று நீரைக் குழந்தைக்குக் கொடுப்பதில்லை என்றார் தாயொருவர். தோட்டத்துக்கு இடும் உரம் கிணற்றில் இறங்குகின்றது என அவர் எண்ணுகின்றார். நீரைச் சோதித்துப் பார்த்ததுண்டா என்று கேட்டபோது, இல்லை என்றார். விலைக்கு வாங்கும் நீருக்கு மாதத்தில் எவ்வளவு செலவாகும் என்பதை விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.”

இங்கே உவமை இல்லை, அடைமொழியும் இல்லை. ஆனால் ஒரு தாய், ஒரு கிணறு, ஓர் ஐயம், ஒரு செலவு ஆகியன கண்முன் நிற்கின்றன. 'என்றார்', 'என எண்ணுகின்றார்' என்னும் வினைகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. அத்தாயின் கருத்து எதுவோ அது அவருடையதாகவே விடப்பட்டுள்ளது. எழுதியவர் அதனை உண்மை என்று விழுங்கிவிடவுமில்லை, பொய்யென்று தள்ளிவிடவுமில்லை. இக்குடாநாட்டு நிலத்தடி நீரில் உரத்தினால் நைத்திரேற்றுச் சேர்வது பற்றி விஞ்ஞானிகள் ஆராய்ந்துள்ளனர் என்பதைப் பின்னர் தேடியறிந்து சேர்க்கும்போது அச்செய்தி முழுமை பெறும். வழமையான கட்டுரைப் புள்ளித்திட்டத்தின்படி இவ்விரண்டாம் பகுதிக்கு 'நடைச் சிறப்பு' என்னும் தலைப்பின் கீழ்க் குறைந்த புள்ளிகளே கிடைக்கக்கூடும். போட்டிகள் பற்றிய விமர்சனம் இவ்விடத்தில் தொடங்க வேண்டும்.

4

செய்தி எழுத்து இலக்கிய மாணவனுக்குரியதன்று, அது அவசரத்தின் மொழி என்றொரு கருத்து நிலவுகின்றது. ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாறு அக்கருத்தை ஆதரிக்கவில்லை. 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனின் 'உதயதாரகை' தோன்றியது. அதே ஆண்டில் 'உதயாதித்தன்' என்னும் தமிழ் இதழை வெளியிட்டவர் சைமன் காசிச் செட்டி. அவர் 1807இல் பிறந்த ஊர், ஆலங்குடா அமைந்திருக்கும் அதே குடாநாட்டின் கற்பிட்டியாகும்.

காசிச் செட்டியை 1859இல் வெளிவந்த 'தமிழ் புளூட்டாக்' என்னும் புலவர் வரலாற்று நூலின் ஆசிரியராகவே தமிழ் மாணவர் அறிவர். ஆனால் ஈண்டு முக்கியமானது, 1834இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சிலோன் கசற்றியர்' என்னும் இலங்கை இடவிளக்க நூலாகும். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மாவட்டங்களையும் அகர வரிசைப்படுத்தி, அவற்றின் அமைவிடம், விளைபொருள், மக்கள் முதலியன பற்றித் தகவல் தொகுத்த நூல் அது. பல்கலைக்கழகம் எதுவும் இலங்கையில் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், கற்பிட்டியைச் சேர்ந்த ஒருவர் ஊர் ஊராகத் தகவல் திரட்டி ஒழுங்குசெய்தார். செய்தியாளனுக்குரிய அடிப்படைப் பண்பு அதுவேயாகும். எனவே பத்திரிகைத்துறைப் பயிற்சி இக்கரைக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட வேண்டிய புதுமையன்று. இங்கு முன்பே வேரூன்றி, இடையில் மறக்கப்பட்ட ஒன்று.

1882இல் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியபோது கல்வியும் சமூகச் சீர்திருத்தமும் செய்தியோடு இணைந்தன. 1959 முதல் 1961 வரை க. கைலாசபதி 'தினகரன்' ஆசிரியராக இருந்தபோது, பிரதேச வாழ்க்கையை எழுத முனைந்த இளைஞர் பலருக்கு அப்பத்திரிகை களமமைத்தது. ஈழத்து இலக்கியத்தின் மண்வாசனை என்று பின்னர் போற்றப்பட்டதன் வளர்ச்சியிற் பத்திரிகை அலுவலகத்துக்கும் பங்குண்டு. பாடசாலைகளில் வளர்ந்த கையெழுத்துச் சஞ்சிகை மரபும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பிள்ளையின் எழுத்தைப் பரிசுக்காகவன்றி வாசகனுக்காக எழுதவைத்த ஏற்பாடு அது.

5

வட்டாரப் பத்திரிகைத்துறைப் போட்டிகள் முழுமையாக வளர்ந்துள்ள நாடு பிலிப்பைன்ஸ் எனலாம். 1991ஆம் ஆண்டின் 7079ஆம் இலக்கக் குடியரசுச் சட்டம் பாடசாலைப் பத்திரிகைகளுக்கெனவே இயற்றப்பட்டது. பாடசாலை மட்டத்திலிருந்து பிரிவு மட்டம், பிராந்திய மட்டம் என மேலெழுந்து தேசிய மட்டத்தில் முடிவடையும் 'பாடசாலைப் பத்திரிகை மாநாடுகள்' அச்சட்டத்திலேயே விதந்துரைக்கப்பட்டுள்ளன. செய்தி எழுதுதல், ஆசிரியத் தலையங்கம், விவரணக் கட்டுரை, விளையாட்டுச் செய்தி, அறிவியற் செய்தி, பிரதி செம்மையாக்கித் தலைப்பிடுதல், கருத்துப்படம், செய்திப்படம், வானொலி ஒலிபரப்பு எனப் போட்டிகள் விரிகின்றன. அவை ஆங்கிலத்திலும் பிலிப்பினோ மொழியிலும் நடத்தப்படுகின்றன.

இவ்வமைப்பின் சிறப்புகள் இரண்டு. முதலாவது, செய்தி என்பது பல கைகளின் கூட்டு வேலை என்பதை அது ஏற்கின்றது. பிறர் எழுதியதைத் திருத்தும் பிள்ளைக்கும் அங்கே பரிசுண்டு. தமிழ்ப் போட்டிகளில் அத்தகைய பிள்ளைக்கு இடமேயில்லை. இரண்டாவது, போட்டியோடு உரிமையும் அச்சட்டத்திற் பேசப்பட்டுள்ளது. எழுதிய கட்டுரை ஒன்றனை மட்டுமே காரணமாகக் காட்டி மாணவரை நீக்கவோ இடைநிறுத்தவோ கூடாது என அது விதிக்கின்றது.

குறைகளும் அங்கேயே உள. எழுத்துப் போட்டிகளில் தகவல்கள் தொகுக்கப்பட்ட தாளொன்று பிள்ளைகளுக்கு வழங்கப்படுவது வழக்கம். அல்லது போட்டிக்கென ஒழுங்குசெய்யப்பட்ட செய்தியாளர் சந்திப்பொன்று நடத்தப்படும். தரப்பட்ட தகவலை வரிசைப்படுத்தி எழுதுவதே பிள்ளையின் வேலையாகின்றது. அத்தகவல் சரியானதா, அதில் எது விடுபட்டது, வேறு எவரை வினாவியிருக்க வேண்டும் என்பன போட்டிக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தெக்சாஸ் மாநிலத்தில் மாவட்டம், வட்டாரம், மாநிலம் என்னும் மூன்று படிகளில் நடைபெறும் பாடசாலைப் போட்டிகளும் இவ்வகையினவே. மண்டபத்துக்குள் நடத்தப்படும் எப்போட்டிக்கும் இது இயல்பான எல்லையாகும். மேலும், மாணவர் பத்திரிகை உரிமையை மீறுவோர்க்குத் தண்டனை விதிக்கும் ஏற்பாடு அச்சட்டத்தில் இல்லை என்று பிலிப்பைன்ஸ் மாணவ ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் குறைகூறி வருகின்றனர்.

அமெரிக்காவிலும் பதக்கம் வழங்குதல் எளிதாயிற்று. எழுத இடமளித்தல் எளிதாகவில்லை. மிசூரி மாநிலத்துப் பாடசாலையொன்றின் மாணவர் பத்திரிகையிலிருந்து, மாணவியர் கருவுறுதலையும் பெற்றார் மணமுறிவையும் பற்றிய கட்டுரைகள் இடம்பெற்ற இரண்டு பக்கங்களை 1983இல் அதிபர் நீக்கினார். 1988இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் பாடசாலையின் பக்கமே தீர்ப்பளித்தது. பாடசாலையின் ஆதரவில் வெளியாகும் பத்திரிகையைக் கல்வி நோக்கம் கருதிக் கட்டுப்படுத்தலாம் என்பது அதன் சாரம். போட்டியில் வெல்லும் பிள்ளை தன் பாடசாலையிலேயே தன் எழுத்தை அச்சிட இயலாதிருக்கும் முரண்பாடு வளர்ந்த நாடுகளிலும் தீரவில்லை. ஆகவே பிறநாட்டு முன்மாதிரியை அவ்வாறே எடுத்து நடுதல் போதாது. அதிலிருந்து கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் பகுத்தறியப்படல் வேண்டும்.

6

புத்தளம் மாவட்டத்தைப் பொறுத்தவரையில் செய்தியின் மெய்ம்மையைச் சோதிக்கும் பழக்கம் பாடசாலை அழகுக் கலைகளுள் ஒன்றன்று. அது உயிரோடு தொடர்புடையது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின், மே மாதம் 12ஆம் திகதி, இதே மாவட்டத்துச் சிலாபத்தில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறு வாக்கியம், வரப்போகும் தாக்குதலுக்கான எச்சரிக்கை எனப் பிழையாகப் பொருள்கொள்ளப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் வன்முறை வட மேல் மாகாணத்தின் பல இடங்களுக்குப் பரவியது. அதே மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். வன்முறைக்கு வேறு ஆழ்ந்த காரணங்கள் உண்டெனினும், 'எழுதியது யார்? எக்கருத்தில் எழுதினார்? யாரிடம் கேட்டறிந்தீர்?' என்னும் மூன்று வினாக்கள் பலர் வாயில் எழாமையும் அதற்குத் துணைபோயிற்று.

இவ்வினாக்களைக் கற்பிக்கத் தமிழ்மொழி இயல்பாகவே இடந்தருகின்றது என்பது பலரும் எண்ணிப் பாராத உண்மையாகும். 'சாம்பல் விழுந்தது', 'சாம்பல் விழுந்ததாம்', 'சாம்பல் விழுந்தது என்றார்', 'சாம்பல் விழுந்திருக்கும்' என்னும் நான்கு வாக்கியங்களையும் ஆலங்குடாவின் சிறு பிள்ளையும் வேறுபடுத்திப் பேசும். முதலாவது கண்டது; இரண்டாவது ஊர்வாய்க் கேட்டது; மூன்றாவது ஒருவர் பொறுப்பேற்றுச் சொன்னது; நான்காவது உய்த்துணர்ந்தது. கேள்விச் செய்தியைக் குறிக்கும் 'ஆம்' என்னும் சிறு சொல்லை வீட்டில் இலாவகமாகக் கையாளும் பிள்ளை, எழுத்தில் அதனைக் கைவிட்டு, 'எனக் கூறப்படுகின்றது', 'எனத் தெரிவிக்கப்படுகின்றது' என்னும் பத்திரிகை வாய்பாட்டைப் பற்றிக்கொள்கின்றது. கூறியவர் யார் என்பது அவ்வாய்பாட்டில் மறைந்துபோகின்றது. செயப்பாட்டு வினை பொறுப்பை ஒளித்துவைக்கும் இடமாகின்றது. மாணவர் போட்டியொன்று வேறு எதனையும் செய்யாவிடினும், 'கூறியவர் யார்?' என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்குமாயின், அதுவே மொழிக்கும் சமூகத்துக்கும் செய்யப்படும் பெருந்தொண்டாகும்.

இவ்வடிப்படையில் ஆலங்குடா போன்ற ஊர்களுக்குரிய வட்டாரப் போட்டியின் அமைப்பு எவ்வாறிருத்தல் வேண்டும்? முதலாவதாக, அது மண்டபத்தில் தொடங்கி மண்டபத்தில் முடிதல் கூடாது. பிள்ளைகளுக்குத் தலைப்புக்குப் பதிலாகக் களமும் சில நாட்களும் கொடுக்கப்படல் வேண்டும். மீன்வாடி, தோட்டம், பேருந்துத் தரிப்பிடம், பாடசாலைக் கிணறு எதுவும் களமாகலாம். இரண்டாவதாக, கட்டுரையோடு குறிப்புப் புத்தகமும் மதிப்பிடப்படல் வேண்டும். எத்தனை பேரிடம் கேட்டது, முரண்பட்ட கூற்றுகளை என்ன செய்தது, எண்ணை எங்கிருந்து பெற்றது, தனக்குத் தெரியாததை எவ்வாறு ஒப்புக்கொண்டது என்பனவற்றுக்குப் புள்ளிகள் ஒதுக்கப்படல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், குடிமகன் ஒருவரின் கோரிக்கைக்குப் பகிரங்க அதிகாரசபை பதினான்கு வேலைநாட்களுக்குள் தன் முடிவை அறிவித்தல் வேண்டும். ஆசிரியரின் துணையோடு ஒரு வகுப்பு எழுதும் ஒரு கடிதம் குடியியற் பாடநூலின் பல பக்கங்களைவிடக் கூடுதலாகக் கற்பிக்கும்.

மூன்றாவதாக, இக்கரையின் மொழிநிலை கருதப்படல் வேண்டும். முஸ்லிம்களும் இந்துக்களும் தமிழ் பேச, கத்தோலிக்க மீனவருட் பலர் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறிய வரலாற்றையுடையது புத்தளம்-சிலாபம் கரை. அயற்கிராமத்தாரிடம் சிங்களத்தில் வினாவி, அவர் சொன்னதன் பொருள் கெடாமல் தமிழில் எழுதும் ஆற்றல் இங்குள்ள செய்தியாளனுக்கு இன்றியமையாதது. சிலாபத்தில் நேர்ந்ததும், ஒரு வகையில், மொழிபெயர்ப்பிற் பிறந்த விபரீதமே. இத்திறனைச் சோதிக்கும் பகுதியொன்று வேறெந்த மாவட்டத்திலும் இல்லாவிடினும் இம்மாவட்டத்திற் கட்டாயம் இருத்தல் வேண்டும்.

நான்காவதாக, பரிசுபெற்ற எழுத்து வெளியிடப்படல் வேண்டும். அச்சிடப் பணமில்லையெனில் சுவர்ப் பத்திரிகை போதும். செய்தியிற் பெயர் குறிக்கப்பட்டவர் அதனைப் படித்து, 'நான் சொன்னது இதுவன்று' எனக் கூறும் வாய்ப்பு ஏற்படும்போதுதான் பிள்ளை பொறுப்பினைக் கற்கும். பிழையைத் திருத்தி வெளியிடும் பிள்ளைக்கு ஒரு தனிப்பரிசு வைத்தாலும் தகும். வாசகனற்ற எழுத்து எத்துணைப் பதக்கம் பெறினும் பரீட்சை விடைத்தாளேயன்றிச் செய்தியாகாது.

7

இவற்றுக்கு எதிராகச் சில தடைகள் எழுப்பப்படக்கூடும். இது மொழியழகைப் புறக்கணித்து இலக்கிய உணர்வை வறட்டிவிடும் என்பது ஒன்று. கண்டதைக் கண்டவாறு சொல்லப் பழகிய கை பின்னர் சிறுகதையும் கவிதையும் எழுத முற்படும்போது இழப்பது எதுவுமில்லை. வாய்பாட்டுத் தொடர்களை மட்டுமே அது இழக்கும். மற்றொரு தடை கனமானது. பிள்ளைகளைப் பெரியோரின் பூசலுக்குள் இழுப்பது நியாயமா என்பதாகும். ஊரில் மின் நிலையத்திற் பணிபுரிவோரும் உளர், அதனால் தோட்டம் கெட்டதென்போரும் உளர். காணி தந்தோரும் உளர், பெற்றோரும் உளர். எழுதிய பிள்ளையும் வழிகாட்டிய ஆசிரியரும் நாளை அதே வீதியில் நடக்க வேண்டியவர்கள். ஆகவே குற்றஞ்சாட்டுவதைப் பயிற்சியின் தொடக்கமாகக் கொள்ளலாகாது. எண்ணுதல், அளத்தல், இரு தரப்பையும் கேட்டல், பெயர் வெளியிட விரும்பாதாரின் பெயரை மறைத்தல் ஆகியனவே முதற் பாடங்களாக வேண்டும். காற்றடிக்கும் திங்களில் ஒவ்வொரு நாளும் வீட்டு முற்றத்து வெள்ளைத் துணியிற் படிவதைப் பார்த்துத் திகதியோடு குறித்துவைக்கும் பிள்ளை எவரையும் பழிக்கவில்லை. ஆனால் எவரும் எளிதில் மறுக்கவியலாத ஒன்றை எழுதிவிடுகின்றது. பாதுகாப்பைப் பொறுத்தவரையில், பிலிப்பைன்ஸ் சட்டத்தில் உள்ளது போன்றதொரு உறுதிமொழியைப் போட்டியை நடத்துவோர் முன்கூட்டியே எழுத்தில் அளித்தல் வேண்டும். அதனை அளிக்க அஞ்சுவோர் கட்டுரைப் போட்டியோடு நிற்பதே நேர்மையாகும்.

1990இல் கைக்குழந்தைகளாக இக்கரைக்குக் கொண்டுவரப்பட்டோர் இன்று பெற்றோராகிவிட்டனர். முகாமின் ஓலைக் கொட்டில்களைக் கண்ட பெரியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். எவ்வழியே வந்தனர், எதனைக் கையிற் கொண்டுவந்தனர், முதல் நாள் உணவு கொடுத்த வீடு எது, கிணற்றடியில் முதற் சச்சரவு எதனால் எழுந்தது என்பன ஆணைக்குழு அறிக்கைகளில் ஓரளவே பதிவாகியுள்ளன. அவற்றைக் கேட்டு எழுதக்கூடியோர் அம்முதியோரின் பேரப்பிள்ளைகளே. அவர்களோடு ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள், அதே வரலாற்றை வரவேற்றவரின் பக்கத்திலிருந்து எழுதக்கூடியோர். 'யார்? எங்கே? எப்போது?' என்பன செய்தியாளனின் பால பாட வினாக்கள். ஆலங்குடாவில் அவற்றுள் முதலிரண்டுக்கும் விடையளிப்பதே கடினம். அக்கடினத்தைத் தென்றலாலும் தாலாட்டாலும் மூடாது, கேட்டறிந்து எழுத ஒரு தலைமுறைக்கு வாய்ப்பளிக்கும் போட்டியே இக்கரைக்கு ஏற்றது. அதனைச் செய்யாத போட்டி எத்தனை கேடயங்களை வழங்கினும், ஆலங்குடாப் பிள்ளைக்குத் தன் ஊரைப் பாராதிருக்கவே பயிற்சியளிக்கும்.